விசிடி, டிவிடி, ப்ளூ-ரே, 4கே: எந்த பிளேயரில் படம் தெளிவு? எதற்குக் காசு கொடுக்கலாம்?

புதிதாக கம்ப்யூட்டரும் பெரிய திரை டிவியும் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி இதுதான். "வீட்டில் நூறு டிவிடி இருக்கிறது. ப்ளூ-ரே பிளேயர் வாங்கினால் அவை தெளிவாகத் தெரியுமா? 4கே பிளேயர் வாங்கினால் இன்னும் தெளிவாகுமா? அல்லது எதுவுமே வாங்காமல் இன்டர்நெட்டிலேயே பார்த்துக் கொள்ளலாமா?" பாலக்கரையில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் இதை என்னிடம் கேட்டுவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர் "என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்கும்போது, பிளேயர் என்று சொல்லலாமா கூடாதா என்பதும் திருச்சிக்காரர்களுக்குப் பழக்கமான சந்தேகம்.

எனவே, நான்கு வகை டிஸ்க்குகளையும் மூன்று பிளேயர்களையும் எங்கள் வீட்டு ஹாலில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் கண்டதையும், அதற்கான காரணங்களையும் இங்கு பார்க்கலாம். பிளேயர்களின் கம்பெனிப் பெயர்களைத் தரவில்லை. மாடல்கள் வரும், போகும். காரணம் தெரிந்தால் எந்த மாடலையும் நீங்களே எடை போடலாம்.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது?

டிவியில் தெரியும் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் அதிகமானால் நுணுக்கம் அதிகம். ஒவ்வொரு டிஸ்க் வகையிலும் ஒரு படச்சட்டத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை இதோ:

விசிடி: 352 x 288. மொத்தம் சுமார் 1 லட்சம் புள்ளிகள்.
டிவிடி: 720 x 576. சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம்.
ப்ளூ-ரே: 1920 x 1080. சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம்.
4கே அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே: 3840 x 2160. சுமார் 83 லட்சம்.

டிவிடியைப் போல் ஐந்து மடங்கு புள்ளிகள் ப்ளூ-ரேயில் உள்ளன. அதைப்போல் நான்கு மடங்கு 4கே டிஸ்க்கில் உள்ளன. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவுத் தட்டுகள்தான். பிறகு எப்படி இவ்வளவு வேறுபாடு?

வாசலில் கோலம் போடுவதை நினைத்துக் கொள்ளுங்கள். அதே இடத்தில் தடித்த கோட்டில் போட்டால் சின்னக் கோலம்தான் அடங்கும். இழையை மெல்லியதாக்கினால் பெரிய சிக்குக் கோலமே அடங்கிவிடும். டிஸ்க்கிலும் இதுதான் நடந்தது. சிடியில் தகவல் எழுதப்பட்டுள்ள தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி. டிவிடியில் அது 0.74 மைக்ரான். ப்ளூ-ரேயில் 0.32 மைக்ரான். தடம் மெல்லியதானால் அதைப் படிக்கும் லேசர் ஒளியும் நுண்ணியதாக வேண்டும். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி. நீலக் கதிர் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. இதனால் டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபியும், ப்ளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபியும் அடங்குகின்றன. இரண்டு அடுக்கு என்றால் முறையே 8.5 ஜிபி, 50 ஜிபி. 4கே டிஸ்க்குகளில் 100 ஜிபி வரை உண்டு.

இதிலிருந்து ஒன்று புரியும். டிவிடி பிளேயரில் ப்ளூ-ரே டிஸ்க் ஓடாது. அதனிடம் நீல லேசரே இல்லை. ஆனால் ப்ளூ-ரே பிளேயர்களில் சிவப்பு லேசரும் உண்டு. எனவே அவற்றில் டிவிடி ஓடும். விசிடி மட்டும் எல்லா ப்ளூ-ரே பிளேயர்களிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. வாங்கும் முன் மேனுவலில் பார்க்கவும்.

புள்ளிகள் மட்டும் போதாது

ஒரு டிஸ்க்கின் தரத்தை முடிவு செய்யும் இன்னொரு விஷயம், ஒரு விநாடிக்கு எவ்வளவு தகவல் கிடைக்கிறது என்பது. இதனை பிட் ரேட் என்று அழைக்கிறோம். விசிடியில் படத்திற்கு விநாடிக்கு 1.15 மெகாபிட். டிவிடியில் அதிகபட்சம் 9.8 மெகாபிட். ப்ளூ-ரேயில் 40 மெகாபிட். 4கே டிஸ்க்கில் 128 மெகாபிட் வரை போகலாம்.

நம் ஊர்ப் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.7 ஜிபி டிவிடியில் ஒரே படத்தை வைத்தால் விநாடிக்கு சராசரியாக சுமார் 4 மெகாபிட் கிடைக்கும். கடைகளில் "மூன்று படம் ஒரே டிவிடியில்" என்று விற்றார்களே, அந்த டிஸ்க்கில் அது 1.4 மெகாபிட்டாகக் குறைந்துவிடும். அதாவது பெயர் டிவிடி, தரம் விசிடிக்குச் சற்று மேலே. மழைக் காட்சியிலும், கூட்டம் ஓடும் காட்சியிலும், வேகமான நடனத்திலும் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். இத்தகைய டிஸ்க்கை எவ்வளவு விலை உயர்ந்த பிளேயரில் போட்டாலும் கட்டம் போகாது. டிஸ்க்கில் இல்லாத தகவலை பிளேயரால் கொண்டு வர முடியாது.

2007-ல் மோசர் பேயர் நிறுவனம் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்கத் தொடங்கிய பிறகுதான் ஒரிஜினல் டிஸ்க் வாங்கும் பழக்கம் பல வீடுகளுக்கு வந்தது. இன்று அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. எனவே, புதிய பிளேயர் என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு முன் உங்களிடம் இருப்பது என்ன என்று பார்த்துக் கொள்வது நல்லது.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம்

கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இல்லை என்றால் யு.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி டிரைவ் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. மீடியா பிளேயர் புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். டிஸ்க்கை ஓட விட்டு, கீ போர்டில் கண்ட்ரோல் கீயுடன் ஜெ கீயை அழுத்திடவும். ஒரு சிறிய விண்டோ திறக்கும். அதில் வீடியோ ரெசல்யூஷன் காட்டப்படும். 720 x 576 அல்லது 720 x 480 என்று இருந்தால் டிவிடி தரம். 352 x 288 என்று இருந்தால் விசிடி தரம்.

"ப்ளூ-ரே பிரிண்ட்" என்று அட்டையில் அச்சிட்டு நடைபாதையில் விற்கப்பட்ட டிஸ்க்குகள் உங்களிடம் இருக்கலாம். அவற்றைப் போட்டு, டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மொத்த அளவு நாலு ஜிபி சொச்சம் என்று காட்டினால் அது சாதாரண டிவிடி. உண்மையான ப்ளூ-ரே டிஸ்க்கை டிவிடி டிரைவால் படிக்கவே முடியாது.

என் வீட்டு ஒப்பீடு

நான் பயன்படுத்தியவை: ஒரு பழைய டிவிடி பிளேயர் (மூன்று வண்ண வயரும் எச்.டி.எம்.ஐ.யும் உள்ளது), ஒரு சாதாரண ப்ளூ-ரே பிளேயர், ஒரு 4கே பிளேயர். டிவி 43 அங்குல 4கே டிவி. உட்காரும் இடத்திலிருந்து திரை ஒன்பது அடி. பக்கத்துச் சுவரைப் பொதுவாக வைத்துக் கட்டிய எங்கள் வீடு போன்ற வீடுகளில் ஹால் அதற்கு மேல் நீளாது. பார்த்தது, பி.பி.சி. 2016-ல் ஒளிபரப்பிய "பிளானட் எர்த் 2" தொடர். இது டிவிடி, ப்ளூ-ரே, 4கே என மூன்று வகையிலும் வெளிவந்தது என்பதால் ஒப்பிட வசதி. ஓணான் குஞ்சுகளைப் பாம்புகள் துரத்தும் அந்தப் பிரபலமான காட்சியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

1. டிவிடி, மூன்று வண்ண வயர்: படம் மங்கல். வண்ணங்கள் ஒன்றோடொன்று கசிகின்றன. மஞ்சள் பிளக்கில் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதே இதற்குக் காரணம்.

2. அதே டிவிடி, அதே பிளேயர், எச்.டி.எம்.ஐ. வயர்: கசிவு போய்விட்டது. எழுத்துக்களின் ஓரம் கூர்மையானது. ஒரு வயரை மாற்றியதால் கிடைத்த இந்த முன்னேற்றம், பிளேயரை மாற்றியதால் கிடைத்ததைவிட அதிகம்.

3. அதே டிவிடி, ப்ளூ-ரே பிளேயரில்: ஓணானின் செதில்கள் ஓரளவு சீராகத் தெரிந்தன. வேகமாக நகரும்போது ஓரங்களில் சீப்புப் பல் போல் தெரிந்த கோடுகள் குறைந்தன. ஆனால் இது "கொஞ்சம் நன்றாக இருக்கிறது" என்ற அளவுதான்.

4. ப்ளூ-ரே டிஸ்க், ப்ளூ-ரே பிளேயரில்: இங்குதான் வீட்டில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தனித்தனிச் செதில், மணல் துகள், பாம்பின் கண் எல்லாம் தெரிந்தன.

5. அதே ப்ளூ-ரே டிஸ்க், 4கே பிளேயரில்: நான்காவதற்கும் இதற்கும் எங்களால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. எந்த பிளேயர் ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் காட்டியபோது, வீட்டில் இருந்தவர்கள் குத்துமதிப்பாகத்தான் பதில் சொன்னார்கள்.

6. 4கே டிஸ்க், 4கே பிளேயரில்: செதில்களில் நான் எதிர்பார்த்த அளவு புதிய நுணுக்கம் தெரியவில்லை. ஆனால் வெயில் பட்ட பாறையும் நிழலும் ஒரே சமயத்தில் தெளிவாக இருந்தன. வானத்தின் நீலம் பட்டை பட்டையாகப் பிரியாமல் சீராக இறங்கியது.

இந்த ஆறு முடிவுகளுக்கும் காரணம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அப்ஸ்கேலிங் என்றால் என்ன?

டிவிடியில் 4 லட்சம் புள்ளிகள்தான் உள்ளன. 4கே டிவியின் திரையிலோ 83 லட்சம் புள்ளிகள். மீதியை யாராவது நிரப்ப வேண்டும். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நடுவில் என்ன இருக்கலாம் என்று கணக்கிட்டு நிரப்புவதே அப்ஸ்கேலிங். இதை பிளேயரும் செய்யலாம், டிவியும் செய்யலாம். யார் நன்றாகச் செய்கிறார் என்பதைப் பொறுத்து டிவிடியின் தெளிவு மாறும். பிளேயரின் செட்டிங்ஸ் பகுதியில் அவுட்புட் ரெசல்யூஷனை 576பி என்று ஒரு முறையும், 1080பி என்று ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். முதலாவதில் டிவி வேலை செய்கிறது. இரண்டாவதில் பிளேயர் முதல் கட்டத்தைச் செய்துவிடுகிறது. எது உங்கள் கண்ணுக்கு நன்றாக இருக்கிறதோ அதையே வைத்துக் கொள்ளவும்.

எச்சரிக்கை: டிவிடி பிளேயர் பெட்டியில் "1080பி அப்ஸ்கேலிங்" என்றும் "ஃபுல் எச்.டி." என்றும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது ப்ளூ-ரே பிளேயர் என்று பொருள் இல்லை. ப்ளூ-ரே டிஸ்க் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கவும்.

இரண்டு ப்ளூ-ரே பிளேயர்களில் ஏன் ஒரே படம்?

டிஸ்க்கில் இருப்பது எண்கள். அவற்றை எப்படிப் படமாக விரிக்க வேண்டும் என்பது தர விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படம் எச்.டி.எம்.ஐ. வழியாக எண்களாகவே டிவிக்குப் போகிறது. சினிமாவும் விநாடிக்கு 24 படச்சட்டம், ப்ளூ-ரேயிலும் பெரும்பாலும் அதே 24. இடையில் யாரும் கைவைக்க அவசியம் இல்லை. எனவே நல்ல நிலையில் உள்ள சாதாரண பிளேயரும் விலை உயர்ந்த பிளேயரும் ப்ளூ-ரே டிஸ்க்கிலிருந்து ஏறக்குறைய ஒரே படத்தையே தரும். விலை வேறுபாடு எதில் தெரியும் என்றால், டிவிடியை அப்ஸ்கேல் செய்வதில், டிஸ்க்கைப் போட்டதும் எவ்வளவு விரைவில் ஓடுகிறது என்பதில், சுழலும் சத்தத்தில், எந்தெந்த டிஸ்க்கும் பைலும் ஓடும் என்பதில். இவை உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துக் காசு கொடுங்கள். "படம் இன்னும் தெளிவாக இருக்கும்" என்று கடைக்காரர் சொல்வதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

அடிக் கணக்கு

4கே டிஸ்க்கில் நான்கு மடங்கு புள்ளிகள் இருந்தும் எனக்கு ஏன் அந்த அளவு நுணுக்கம் தெரியவில்லை? கண்ணுக்கும் ஓர் எல்லை இருப்பதால். சாதாரணப் பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும். இதை வைத்துக் கணக்கிட்டால், எத்தனை அடிக்குள் உட்கார்ந்தால் ஒவ்வொரு வகையின் முழு நுணுக்கமும் கண்ணுக்கு எட்டும் என்று தெரியும். உத்தேசக் கணக்கு இது:

32 அங்குல டிவி: டிவிடிக்கு 8 அடி, ப்ளூ-ரேக்கு 4 அடி, 4கே-க்கு 2 அடி.
43 அங்குல டிவி: டிவிடிக்கு பத்தரை அடி, ப்ளூ-ரேக்கு ஐந்தரை அடி, 4கே-க்கு 3 அடிக்கும் சற்றுக் குறைவு.
55 அங்குல டிவி: டிவிடிக்கு பதின்மூன்றரை அடி, ப்ளூ-ரேக்கு 7 அடி, 4கே-க்கு மூன்றரை அடி.

32 அங்குல டிவியை ஒன்பது அடியிலிருந்து பார்த்தால், நல்ல டிவிடியின் நுணுக்கமே கண்ணின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அங்கு ப்ளூ-ரே வாங்கினால் வண்ணமும் கட்டம் உடையாத படமும் கிடைக்கும். கூர்மையில் பெரிய மாற்றம் தெரியாது. 55 அங்குல டிவியை அதே ஒன்பது அடியிலிருந்து பார்த்தால் டிவிடியின் குறைகள் பளிச்சென்று தெரியும், ப்ளூ-ரே போதுமானதாக இருக்கும். 4கே-யின் முழு நுணுக்கத்தை அறிய வேண்டுமானால் திரைக்கு மூன்றரை அடியில் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் மானிட்டர் முன் அப்படி உட்காருவோம். டிவி முன் உட்காருவோமா? டேப்பை எடுத்து உங்கள் ஹாலை அளந்துவிட்டுக் கடைக்குப் போகவும்.

4கே-யின் உண்மையான லாபம்

ஆறாவது சோதனையில் வானம் சீராகத் தெரிந்ததே, அதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கை காரணமல்ல. சாதாரண ப்ளூ-ரேயில் ஒவ்வொரு அடிப்படை வண்ணத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். மொத்தம் 1.67 கோடி வண்ணங்கள். எச்.டி.ஆர். எனப்படும் முறையில் 4கே டிஸ்க்கில் 10 பிட், அதாவது 1024 படிகள். மொத்தம் 107 கோடி வண்ணங்கள். அத்துடன் மிகுந்த வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே காட்சியில் பதிய முடிகிறது.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. குறைந்த விலை டிவிகள் பலவற்றில் எச்.டி.ஆர். என்று எழுதியிருக்கும். சிக்னலை வாங்கிக் கொள்ளும். ஆனால் அதைக் காட்டும் அளவுக்குத் திரையில் வெளிச்சம் இருக்காது. படம் முன்பைவிட மங்கலாகக்கூடத் தெரியலாம். எனவே 4கே பிளேயர் வாங்கும் முன் உங்கள் டிவியில் எச்.டி.ஆர். எப்படித் தெரிகிறது என்று யு-டியூப் தளத்தில் உள்ள எச்.டி.ஆர். வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடவும். டிவியின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் எச்.டி.சி.பி. 2.2 வசதி இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும். சில டிவிகளில் அந்தப் போர்ட்டுக்கு எச்.டி.ஆர். வசதியை மெனுவில் தனியாக ஆன் செய்திட வேண்டும்.

ஒரு கல்யாண டிஸ்க்

எங்கள் தெருவில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கல்யாணம் 1987-ல் நடந்தது. அதை வீடியோ கேசட்டில் எடுத்து, பின்னாளில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து விசிடியாக மாற்றி வைத்திருந்தார். அவருடைய அப்பா நடந்து பேசிச் சிரிக்கும் ஒரே பதிவு அதுதான். "4கே பிளேயரில் போட்டால் அப்பா முகம் தெளிவாகத் தெரியுமா தம்பி? ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார்.

அவரை உட்கார வைத்து, டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் போட்டு, மேலே சொன்னபடி ரெசல்யூஷனைக் காட்டினேன். 352 x 288. எந்த பிளேயரும் இதற்கு மேல் முகத்தைத் தர முடியாது என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. பிறகு கேட்டேன்: "அந்தக் கேசட் எங்கே சார்?"

கேசட்தான் இங்கு முக்கியம். வி.எச்.எஸ். கேசட்டில் விநாடிக்கு 50 பாதிப் படங்கள் பதிவாகின்றன. விசிடியாக மாற்றும்போது அதில் பாதியை விட்டுவிட்டு 25 சிறிய படங்களாக்கி, 1.15 மெகாபிட்டுக்குள் அழுத்தி விடுகிறார்கள். எனவே அவர் இத்தனை ஆண்டுகள் பார்த்தது கேசட்டில் இருந்ததில் ஒரு பகுதியைத்தான். பீரோவின் அடியில் கேசட் கிடைத்தது. பூஞ்சை அதிகம் பிடிக்கவில்லை. கேசட்டை மாற்றித் தரும் இடத்தில் 720 x 576 அளவில், பாதிப் படங்களை விடாமல், பைலாக மாற்றச் சொன்னோம். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் கட்டங்கள் போயின. அசைவு இயல்பாக வந்தது. பந்தியில் நின்று "இன்னும் கொஞ்சம் போடு" என்று அப்பா கையசைப்பதை அவர் நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். பிளேயர் வாங்க வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

கடைசியாக வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையுடன் அதை நிறுத்திவிட்டது. ஓடும் வி.சி.ஆர்.கள் குறைந்து கொண்டே வருகின்றன. உங்கள் வீட்டிலும் கேசட் இருந்தால் தள்ளிப் போட வேண்டாம்.

வீட்டில் பதிவு செய்த டிவிடிக்களும் அப்படித்தான். கடையில் வாங்கும் படத்தில் தகவல் அச்சில் அழுத்தப்பட்டிருக்கும். நாம் எழுதும் டிவிடியில் சாயப் பூச்சில் பதிவாகிறது. வெயிலும் சூடும் பட்டால் அது கெடும். கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற போல்டர் தெரியும். விசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற போல்டரில் டாட் வகை பைல்கள் இருக்கும். இவற்றை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடவும். நூறு டிவிடிக்கள் என்றாலும் 470 ஜிபிதான். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பாதி இடம் மிஞ்சும். இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வைக்கவும். இது உங்கள் சொந்தப் பதிவுகளுக்கு. விற்பனைப் படங்களில் உள்ள பூட்டை உடைத்துக் காப்பி எடுப்பதை 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் தடுக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் பிளேயர்

டிஸ்க்குகளுக்கும் பிளேயர்களுக்கும் ரீஜன் என்ற எல்லை உண்டு. இந்தியா, இலங்கை: டிவிடிக்கு 5, ப்ளூ-ரேக்கு சி. சிங்கப்பூர், மலேசியா: டிவிடிக்கு 3, ப்ளூ-ரேக்கு ஏ. துபாய், சவுதி, லண்டன்: டிவிடிக்கு 2, ப்ளூ-ரேக்கு பி. அமெரிக்கா: டிவிடிக்கு 1, ப்ளூ-ரேக்கு ஏ. சிங்கப்பூர் பிளேயரில் இந்திய ரீஜன் பூட்டுள்ள ப்ளூ-ரே ஓடாது. எல்லா ரீஜனுக்குமாக வெளியான டிஸ்க் எதிலும் ஓடும். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே இல்லை. ஆனால் 4கே பிளேயரில் நீங்கள் போடும் டிவிடிக்கும் சாதாரண ப்ளூ-ரேக்கும் பூட்டு உண்டு.

கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவிலும் ரீஜன் உள்ளது. ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்தது நிரந்தரமாகிவிடும். விண்டோஸ் ரீஜனை மாற்றச் சொல்லிக் கேட்டால் யோசிக்காமல் ஓகே கிளிக் செய்துவிட வேண்டாம்.

மின்சாரத்தையும் பார்க்கவும். சிங்கப்பூர், துபாய் பிளேயர்கள் நம் 230 வோல்ட்டில் ஓடும். அமெரிக்காவில் வாங்கியதில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டுமே நேரடியாக இணைக்கவும்.

கம்ப்யூட்டரில் ப்ளூ-ரே பார்க்க முடியுமா?

ப்ளூ-ரே டிரைவ் வேண்டும். விண்டோஸில் ப்ளூ-ரே படம் ஓட்டும் வசதி இல்லை என்பதால் பவர் டிவிடி போன்ற புரோகிராமைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 4கே டிஸ்க் என்றால் இன்னும் சிக்கல். அதற்கு இன்டெல் பிராசசரில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 11-ஆம் தலைமுறை கோர் பிராசசர்களிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. எனவே புதிய கம்ப்யூட்டரை நம்பி 4கே டிஸ்க் வாங்க வேண்டாம். கேம் விளையாடுபவர்கள் கவனிக்க: டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் 4கே டிஸ்க் ஓடும். பிளேஸ்டேஷன் 4-ல் ப்ளூ-ரே வரைதான்.

இன்னும் எத்தனை நாள் கிடைக்கும்?

2006-ல் எச்.டி. டிவிடி என்றும் ப்ளூ-ரே என்றும் இரண்டு வகைகள் போட்டியிட்டன. 2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. அதை நம்பி பிளேயர் வாங்கியவர்களுக்குப் புதிய படங்கள் வருவது நின்றது. படத்தின் தரத்தில் அது மோசம் இல்லை. ஆனால் பிளேயரின் மதிப்பு, அதற்குத் தொடர்ந்து டிஸ்க் கிடைப்பதில்தான் இருக்கிறது.

இன்று போட்டி இன்டர்நெட்டோடு. 4கே டிஸ்க் பிளேயர்கள் 2016-ல் வந்தன. ஆப்போ நிறுவனம் 2018-ல் பிளேயர் தொழிலை விட்டது. சாம்சங் 2019-ல் அமெரிக்காவில் புதிய மாடல்களை நிறுத்தியது. எல்.ஜி.யும் 2024-ல் பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகியது. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேக இணைப்பு போதும் என்கிறது. டிஸ்க்கின் 128-க்குப் பக்கத்தில் இது சிறியது. இருண்ட காட்சிகளிலும் ஒலியிலும் டிஸ்க்கே முந்துகிறது. ஆனால் வசதியிலும் விலையிலும் இன்டர்நெட் முந்துகிறது. தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் கிடைப்பது அரிது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இதோ ஒரு கணக்கு. பிளேயர் 10,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதில் பத்து டிஸ்க் மட்டும் பார்த்தால், டிஸ்க் விலை போக, ஒரு படத்துக்கு 1,000 ரூபாய் பிளேயர் செலவு. நூறு டிஸ்க் என்றால் 100 ரூபாய். உங்களிடம் எத்தனை ப்ளூ-ரே உள்ளது, இனி எத்தனை வாங்குவீர்கள் என்று எழுதிப் பார்த்தால் முடிவு தானே வரும்.

யாருக்கு எது?

1. விசிடி, டிவிடி மட்டும் உள்ளவர்கள்: புதிய பிளேயர் வேண்டாம். இருக்கும் டிவிடி பிளேயரில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் அந்த வயரை மட்டும் வாங்கவும்.

2. 32 அங்குல டிவி உள்ளவர்கள்: ப்ளூ-ரேக்காகச் செலவு செய்ய அவசரம் இல்லை.

3. 43 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவி, ப்ளூ-ரே டிஸ்க் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள்: சாதாரண ப்ளூ-ரே பிளேயர் போதும். பயன்படுத்தியதை வாங்கினால், கடையிலேயே இரண்டு அடுக்கு டிஸ்க் ஒன்றைக் கடைசி வரை வேகமாக ஓட்டிச் சோதித்து வாங்கவும். லேசர் தேய்ந்திருந்தால் பாதியில் நிற்கும்.

4. நல்ல வெளிச்சமுள்ள எச்.டி.ஆர். டிவி, ஆங்கிலப் படங்களிலும் இயற்கைத் தொடர்களிலும் ஆர்வம் உள்ளவர்கள்: 4கே பிளேயர் வாங்கலாம்.

5. எல்லாருக்கும்: டிவியின் பிக்சர் மோடை "விவிட்" என்பதிலிருந்து "சினிமா" அல்லது "மூவி" என்பதற்கு மாற்றவும். ஷார்ப்னெஸ் அளவைக் குறைக்கவும். அசைவை வழுக்க வைக்கும் மோஷன் வசதியை ஆஃப் செய்திடவும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பிளேயர் வாங்க நினைத்திருந்தால், இந்த மாற்றங்களுடன் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குச் செல்லவும்.